ஐபோனோடு வேறு நிறுவன வாட்ச்: எது சரியாகும், எது ஆகவே ஆகாது

கேள்வி: பல வருடங்களாக ஐபோன்தான் பயன்படுத்துகிறேன். இந்த முறை ஆப்பிள் வாட்ச் வாங்காமல் வேறு நிறுவனத்தின் ஸ்மார்ட்வாட்ச் வாங்கினேன். வருகிற மெசேஜைப் படிக்க முடிகிறது, பதில் போட முடியவில்லை. இதே வாட்சை ஆண்ட்ராய்டு போனோடு வைத்திருக்கும் நண்பர் பதில் போடுகிறார். அடிக்கடி தொடர்பும் விட்டுப்போகிறது. வாட்ச் பழுதா, செட்டிங்ஸ் தப்பா, இல்லை ஆப்பிள்தான் தடுக்கிறதா?

பதில்:

பதில் போட முடியாதது பழுது இல்லை. அதை எந்த செட்டிங்ஸாலும் சரிசெய்ய முடியாது. தொடர்பு விட்டுப்போவது வேறு கதை, அது பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டையும் ஒரே கோளாறாக நினைத்துக்கொண்டுதான் பலர் வாட்சை ரீசெட் செய்வதும் கடையில் மாற்றுவதுமாக அலைகிறார்கள். ஐபோனுக்கும் வாட்சுக்கும் நடுவில் என்ன போய்வருகிறது என்று தெரிந்துகொண்டால், எந்தக் குறை எந்த வகை என்று நீங்களே பிரித்துவிடலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் கதை வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன். மற்ற இடங்களில் பிற நிறுவன வாட்சுகளுக்கு அறிவிப்புகளைக் கொடுக்க ஐபோனில் ஒரே ஒரு வழிதான் உண்டு. அதன் பெயர் ஆப்பிள் நோட்டிஃபிகேஷன் சென்டர் சர்வீஸ், சுருக்கமாக ஏஎன்சிஎஸ். 2013-இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 7-ஆம் பதிப்புடன் வந்தது. குறைந்த மின்சாரம் எடுக்கும் புளூடூத் எல்இ வழியாக வேலை செய்கிறது. புதிதாக ஒரு அறிவிப்பு வந்தால் ஐபோன் வாட்சுக்கு அனுப்புவது வெறும் 8 பைட். முதல் பைட், அறிவிப்பு புதிதாகச் சேர்ந்ததா, மாறியதா, நீக்கப்பட்டதா என்று சொல்லும். இரண்டாவதில் சத்தமில்லாததா, முக்கியமானதா என்பது போன்ற குறிகள். மூன்றாவது, அழைப்பா, தவறிய அழைப்பா, மெயிலா, செய்தியா என்ற வகை. நான்காவது, அந்த வகையில் மொத்தம் எத்தனை நிற்கின்றன என்ற எண்ணிக்கை. மீதி 4 பைட்டும் அந்த அறிவிப்புக்கான அடையாள எண். வாட்ச் அந்த எண்ணைச் சொல்லி, 'இதன் தலைப்பைக் கொடு, செய்தியில் இத்தனை பைட் கொடு' என்று திருப்பிக் கேட்கும். ஐபோன் எழுத்தாக மட்டும் கொடுக்கும். படத்துக்கு அதில் இடமில்லை. வாட்ஸ்அப்பில் வந்த போட்டோ உங்கள் வாட்சில் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

இனி எதிர்த்திசை. ஒரு அறிவிப்பைப் பற்றி வாட்ச் ஐபோனிடம் என்ன செய்யச் சொல்லலாம்? இரண்டே கட்டளைகள், அவையும் ஐஓஎஸ் 8-இல்தான் சேர்ந்தன. ஒன்று பாசிட்டிவ் ஆக்‌ஷன், மற்றது நெகட்டிவ் ஆக்‌ஷன். அழைப்பு வந்தால் 'எடு', 'துண்டி'. மற்றவற்றில் பெரும்பாலும் 'அகற்று' மட்டும். 'சரி, வருகிறேன்' என்ற இரண்டு சொல்லைத் தூக்கிக்கொண்டு போக இந்த அமைப்பில் கட்டளையே கிடையாது. வாட்ச் செய்தவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் இதில் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, வாட்ச் நிறுவனத்தின் செயலி ஐபோனில் இருக்கிறதே, அது அனுப்பக்கூடாதா? கூடாது. எஸ்எம்எஸ்ஸோ, ஆப்பிளின் சொந்தச் செய்திச் சேவையான ஐமெசேஜோ, எந்தச் செயலியும் ஐபோனில் தானாக அனுப்ப முடியாது. எழுதிய செய்தியைத் திரையில் திறந்து காட்ட மட்டும்தான் அதற்கு அனுமதி. அனுப்பும் பொத்தானை மனிதர் அழுத்த வேண்டும். போன் பைக்குள் இருக்கும்போது யார் அழுத்துவது?

ஆண்ட்ராய்டு அதே 2013-இல் 4.3 பதிப்பில் நோட்டிஃபிகேஷன் லிசனர் என்ற வசதியைக் கொடுத்தது. பயனர் ஒருமுறை அனுமதித்தால் போதும், அறிவிப்பு முழுதாக வாட்ச் செயலியின் கைக்கு வரும். அடுத்த ஆண்டு வாட்சுகளுக்காகவே வந்த மாற்றங்களால், 'ரிப்ளை' பொத்தானும் அதற்குள் எழுத்தை நிரப்பும் வழியும் சேர்ந்தன. உங்கள் நண்பரின் வாட்ச் செய்வது இதைத்தான். கார்மின், அமேஸ்ஃபிட் போன்றவற்றின் விளம்பரத்தில் 'குயிக் ரிப்ளை' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அடியில் பொடி எழுத்தில் 'ஆண்ட்ராய்டில் மட்டும்' என்றிருக்கும். வாங்குமுன் அந்த வரியைத் தேடுங்கள்.

ஆப்பிள் வாட்ச் இந்த ஏஎன்சிஎஸ் வரம்புக்குள் அடைபடவில்லை. அதற்கு ஐஓஎஸ்ஸுக்குள் தனி வழி இருக்கிறது, அந்த வழியை வேறு யாருக்கும் திறந்துவிடவில்லை.

அடுத்து, தமிழில் மெசேஜ் வருகிறவர்களுக்கு மட்டும் இருக்கும் ஒரு தொல்லை. தமிழ் செய்தி பாதியில் வெட்டுப்படுகிறது, ஆங்கில செய்தி முழுதாக வருகிறது என்று பலர் சொல்வதுண்டு. வாட்ச் கேட்பது எழுத்துக் கணக்கில் இல்லை, பைட் கணக்கில். எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட். தமிழில் உயிரோ மெய்யோ, துணைக்காலோ புள்ளியோ, ஒவ்வொரு குறியீடும் 3 பைட். 'வணக்கம்' என்பதில் இரண்டு புள்ளிகளையும் சேர்த்து 7 குறியீடுகள், ஆக 21 பைட். வாட்ச் 128 பைட் மட்டும் கேட்டால், 'வணக்கம்' அளவுள்ள ஆறு சொல்லுக்குள் செய்தி முடிந்துவிடும். எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் வாட்சின் மென்பொருளில் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். கொம்பு இடம் மாறி, 'கெ' என்பது 'க' தனியாகவும் கொம்பு தனியாகவும் தெரிந்தால், எழுத்துரு இருக்கிறது, எழுத்துகளை இணைத்துக் காட்டும் நிரல் இல்லை. இந்த மூன்றும் வாட்ச் நிறுவனத்தின் குறைகள், ஆப்பிளைத் திட்டிப் பயனில்லை. விலை குறைந்த வாட்ச் வாங்கும்போது கடையிலேயே தமிழில் ஒரு மெசேஜ் அனுப்பச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

இனி சரிசெய்யக்கூடியவை. முதலில் என்ன வருகிறது, என்ன வரவில்லை என்று கவனியுங்கள். ஏஎன்சிஎஸ் என்பது ஐஓஎஸ்ஸே நேரடியாகத் தருவது, வாட்சின் செயலி ஓடாவிட்டாலும் பொதுவாக வேலை செய்யும். நடைக்கணக்கு, தூக்கக் கணக்கு, வானிலை, வாட்ச் முகப்பு மாற்றுவது எல்லாம் செயலி வழியாக. ஆகவே:

அறிவிப்புகள் வருகின்றன, ஆனால் வானிலை நேற்றையதாக நிற்கிறது, நடைக்கணக்கு போனுக்குப் போகவில்லை என்றால், செயலி ஓடவில்லை. பெரும்பாலும் நீங்களே அதை மேலே தள்ளி மூடியிருப்பீர்கள். திறந்து கிடக்கும் செயலிகளையெல்லாம் மேலே தள்ளினால் பேட்டரி மிச்சமாகும் என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவாக இருக்கிறது. வாட்ச் விஷயத்தில் அது கெடுதல். பயனர் கையால் மூடிய செயலியை ஐஓஎஸ் பொதுவாகப் பின்னணியில் மறுபடி எழுப்பித் தராது. நீங்கள்தான் திறக்க வேண்டும். திறந்துவிட்டு முகப்புத் திரைக்குப் போங்கள், மேலே தள்ளாதீர்கள். கூடவே செட்டிங்ஸ், ஜெனரல், பேக்கிரவுண்ட் ஆப் ரிஃப்ரெஷ் பட்டியலில் அந்தச் செயலி இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். லோ பவர் மோட் போட்டால் இந்த வசதி நின்றுவிடும். பேட்டரிக் குறி மஞ்சளாக இருக்கும்வரை சிங்க் தாமதமாவது இயல்பு.

நடைக்கணக்கு ஒழுங்காகப் போகிறது, அறிவிப்பு மட்டும் வரவில்லை என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். செட்டிங்ஸில் புளூடூத்தைத் திறந்து, வாட்சின் பெயருக்கு எதிரே வட்டத்துக்குள் இருக்கும் ஐ குறியைத் தொடுங்கள். 'ஷேர் சிஸ்டம் நோட்டிஃபிகேஷன்ஸ்' என்ற சுவிட்ச் இருக்கும். முதன்முதலில் இணைக்கும்போது வரும் அனுமதிக் கேள்விக்கு 'டோன்ட் அலோ' அழுத்தியவர்களுக்கு இது அணைந்தே கிடக்கும். அதைப் போட்ட பிறகும் ஒரு குறிப்பிட்ட செயலியின் அறிவிப்பு மட்டும் வராவிட்டால், செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸில் அந்தச் செயலிக்கு 'நோட்டிஃபிகேஷன் சென்டர்' டிக் ஆகியிருக்க வேண்டும். பூட்டுத்திரையில் வேண்டாம் என்று அணைக்கும்போது சிலர் இதையும் சேர்த்து அணைத்துவிடுவார்கள். அனுப்பியவர் பெயர் வருகிறது, வாசகம் வரவில்லை என்றால் அதே பக்கத்தில் 'ஷோ ப்ரிவ்யூஸ்' என்பதை 'ஆல்வேஸ்' ஆக்கிப் பாருங்கள். அதற்கு ஒரு விலை உண்டு: வங்கியின் ஓடிபி உட்பட எல்லாம் பூட்டுத்திரையில் பளிச்சென்று தெரியும். செயலிவாரியாக மாற்ற முடியும் என்பதால், வாட்ஸ்அப்புக்கு மட்டும் 'ஆல்வேஸ்' வைத்துவிட்டு மெசேஜஸை விட்டுவிடலாம்.

இரண்டுமே வரவில்லை என்றாலோ இணைந்து இணைந்து அறுந்தாலோ, ஜோடி சேர்த்தபோது ஒன்றையொன்று அடையாளம் காண இரு பக்கமும் சேமித்த மறைக்குறிகள் ஒத்துப்போகாமல் இருக்கலாம். போன் மாற்றி பேக்கப்பிலிருந்து மீட்டவர்களுக்கும், வாட்சை மட்டும் ரீசெட் செய்தவர்களுக்கும் இது அடிக்கடி வரும். ஒரு பக்கம் மட்டும் நீக்கினால் தீராது. வரிசையாகச் செய்யுங்கள்: வாட்சின் செயலியில் வாட்சை நீக்கவும். ஐபோன் புளூடூத் பட்டியலில் 'ஃபர்கெட் திஸ் டிவைஸ்' கொடுக்கவும். வாட்சிலேயே போன் இணைப்பை அழிக்கவும். இரண்டையும் அணைத்துப் போடவும். பிறகு புளூடூத் பட்டியலிலிருந்து இணைக்காமல் வாட்சின் செயலியைத் திறந்து அதன் வழியாகவே இணைக்கவும். புளூடூத் பட்டியலிலிருந்து நேராக இணைத்தால் செயலிக்குத் தெரியாமல் ஒரு அரைகுறை இணைப்பு உண்டாகி, அப்புறம் செயலி தேடும்போது வாட்ச் கண்ணில் படாது.

வாட்சிலேயே பேசும் வசதி உள்ள மாடல்களில் இன்னொரு சிக்கல். நாய்ஸ், போட், ஃபயர்போல்ட் போன்ற இந்திய நிறுவன வாட்சுகள் பலவற்றில் பட்டியலில் இரண்டு பெயர்கள் தெரியும். ஒன்று அறிவிப்புக்கான புளூடூத் எல்இ. மற்றது அழைப்புக்கான பழைய வகை புளூடூத், அதற்கு வாட்ச் ஒரு ஹெட்செட் மாதிரி. நீக்கும்போது இரண்டையும் நீக்க வேண்டும். போனில் பாட்டுப் போட்டால் வாட்சின் ஸ்பீக்கரில் கத்துகிறது என்றால் இந்த இரண்டாவது இணைப்பின் வேலைதான் அது. வாட்சில் பேசுவதே இல்லை என்பவர்கள் அதை மட்டும் துண்டித்துவிடலாம், பேட்டரியும் மிஞ்சும்.

திறந்து கிடக்கும் கதவையும் சொல்ல வேண்டும். பாட்டை நிறுத்துவது, அடுத்ததற்குப் போவது, சத்தம் கூட்டுவது ஆகியவற்றுக்கு ஐஓஎஸ் 8 முதல் தனி வசதி இருக்கிறது. எந்தப் பாட்டுச் செயலியானாலும் வேலை செய்யும். ஆப்பிள் ஹெல்த்துக்குள் பிற நிறுவனச் செயலிகள் நடை, இதயத்துடிப்பு, உடற்பயிற்சிக் கணக்குகளை எழுதலாம், உங்கள் அனுமதியோடு எடுக்கவும் செய்யலாம். உடல்நலத் தரவில் ஆப்பிள் தாராளமாகவே இருக்கிறது. பூட்டு விழுந்திருப்பது செய்திப் பரிமாற்றத்திலும் பின்னணி இயக்கத்திலும்தான்.

ஏன் இப்படி? ஆப்பிள் சொல்லும் காரணம் அந்தரங்கப் பாதுகாப்பு. அது வெறும் சாக்கு என்று ஒதுக்க முடியாது. ஆண்ட்ராய்டின் நோட்டிஃபிகேஷன் லிசனர் அனுமதியை ஏமாற்றி வாங்கி ஓடிபி திருடும் போலிச் செயலிகள் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் இந்தக் காரணம் பாதி தூரம்தான் வரும். அறிவிப்பின் வாசகத்தை ஏஎன்சிஎஸ் ஏற்கெனவே அந்நிய வாட்சுக்குக் கொடுத்துவிட்டது. படிக்கக் கொடுத்தபின், பயனரே தட்டிய பதிலைத் திருப்பி வாங்குவதில் என்ன புது ஆபத்து? பதில் பொத்தானுக்கு மட்டும் தனி அனுமதி கேட்கும் ஏற்பாட்டைச் செய்ய ஆப்பிளுக்குத் தெரியாதா? 2013-இல் ஆப்பிள் வாட்ச் விற்பனையில் இல்லை, அது வந்தது 2015 ஏப்ரலில். அதற்குப் பிறகும் இந்தக் கதவு அகலவே இல்லை என்பதைத்தான் நான் கணக்கில் எடுத்துக்கொள்வேன்.

அமெரிக்க நீதித் துறை 2024 மார்ச் 21 அன்று ஆப்பிள் மீது தொடுத்த ஏகபோக வழக்கில் ஸ்மார்ட்வாட்சும் ஒரு குற்றச்சாட்டு. ஆப்பிள் வாட்ச் இருந்தால் வாடிக்கையாளர் ஐபோனை விட்டுப் போவது குறையும் என்று நிறுவனத்தின் உயரதிகாரி ஒருவரே 2019-இல் குறிப்பிட்டதாக மனுவில் இருக்கிறது. ஆப்பிள் வாட்சை ஆண்ட்ராய்டில் ஓட வைக்க மூன்று ஆண்டுகள் முயன்று தொழில்நுட்பக் காரணங்களால் கைவிட்டோம் என்பது ஆப்பிளின் தரப்பு. வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்ட மனுவை நியூ ஜெர்சி நீதிமன்றம் 2025 ஜூன் 30 அன்று ஏற்க மறுத்தது. அமெரிக்காவில் இத்தகைய வழக்குகள் முடிய வருடக்கணக்காகும், அதை நம்பி இன்றைக்கு வாட்ச் வாங்க வேண்டாம்.

2012-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 1 கோடி டாலருக்கு மேல் திரட்டிய பெப்பிள் வாட்சை உருவாக்கிய எரிக் மிகிகோவ்ஸ்கி, 2025 மார்ச்சில் புதிய பெப்பிள் வாட்சுகளை அறிவித்த கையோடு, ஐபோனில் அவை எதையெல்லாம் செய்ய முடியாது என்று நீண்ட பட்டியல் போட்டார். பதில் போட முடியாது. அறிவிப்பின் மீது 'முடிந்தது' என்று குறிப்பது போன்ற செயல்களை எடுக்க முடியாது. செயலியை மூடினால் தொடர்பு போய்விடும். நீங்கள் போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று வாட்சுக்குத் தெரியாததால், ஒரே அறிவிப்பு இரண்டு இடத்திலும் அடிக்கும். பொருளை விற்கிறவரே முதலில் குறையைச் சொன்னது நல்ல காரியம். மற்ற வாட்ச் நிறுவனங்களும் இதைப் பெட்டியின் மேலேயே அச்சடிக்கலாம்.

சட்டத்தால் உண்மையிலேயே நகர்ந்தது ஐரோப்பிய ஒன்றியத்தில். டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின் கீழ் ஐரோப்பிய ஆணையம் 2025 மார்ச் 19 அன்று, ஒன்பது ஐஓஎஸ் வசதிகளைப் பிற நிறுவனக் கருவிகளுக்கும் திறக்கச் சொல்லி முடிவெடுத்தது. அறிவிப்புகள், பின்னணி இயக்கம், பக்கத்தில் கொண்டுபோனாலே ஜோடி சேர்வது, வைஃபை தானாக இணைவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆப்பிள் அதை எதிர்த்து லக்சம்பர்க்கில் உள்ள பொது நீதிமன்றத்துக்குப் போனது. கவனிக்க வேண்டியது: இது ஒன்றியத்தின் 27 நாடுகளுக்கு மட்டும். பாரிஸிலோ பெர்லினிலோ இருக்கும் தமிழருக்கு இது பொருந்தும். லண்டன், சூரிச், ஒஸ்லோ, டொராண்டோ எதற்கும் பொருந்தாது. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சொல்லவே வேண்டாம். இதற்கு மறுபக்கமும் உண்டு. ஐபோன் திரையை மேக் கணினியில் காட்டும் ஐபோன் மிரரிங்கை, இதே சட்டத்தைக் காரணம் காட்டி ஆப்பிள் ஒன்றிய நாடுகளுக்குக் கொடுக்காமல் நிறுத்திவைத்தது.

கோபத்தில் ஆப்பிளை மட்டும் வில்லனாக்கிவிட்டு எதிர்முகாமுக்கு ஓடுமுன் அங்கே உள்ளதையும் பாருங்கள். 2021-இல் வந்த கேலக்ஸி வாட்ச் 4 முதல் சாம்சங் வாட்சுகள் ஐபோனில் இணையவே இணையாது. அதற்கு முன், டைசன் என்ற சாம்சங்கின் இயங்குதளத்தில் ஓடிய மாடல்கள் இணைந்தன. கூகுளின் பிக்சல் வாட்சும் ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான். இன்னொன்று பலருக்கு வாங்கிய பிறகுதான் தெரியவரும்: கேலக்ஸி வாட்சின் இசிஜி வசதிக்குச் சாம்சங் போனே வேண்டும். வேறு நிறுவன ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவருக்கு அதிகாரபூர்வமாக அது கிடைக்காது. ஆண்ட்ராய்டுக்குள்ளேயே இப்படி ஒரு வேலி.

ஆக உங்கள் நிலைமைக்கு: வாட்சிலிருந்து பதில் போட வேண்டும், போன் ஐபோனாகவே இருக்க வேண்டும் என்றால், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே ஆப்பிள் வாட்ச் தவிர வழியில்லை. ஓட்டம், சைக்கிள், நீச்சல் கணக்கும் ஒரு வாரம் நிற்கும் பேட்டரியும்தான் முக்கியம், பதிலை போனை எடுத்துப் போட்டுக்கொள்கிறேன் என்றால் இப்போதிருக்கும் வாட்சையே வைத்துக்கொள்ளுங்கள், மேலே சொன்ன செட்டிங்ஸ் போதும். போனையே மாற்றத் தயார் என்றால் சில காரியங்களை வரிசை தவறாமல் செய்ய வேண்டும்.

சிம்மைக் கழற்றுவதற்கு முன்னால், ஐபோனில் செட்டிங்ஸ் போய் மெசேஜஸ் பகுதியில் ஐமெசேஜை அணையுங்கள், ஃபேஸ்டைமையும் அணையுங்கள். அணைக்காமல் போனால், ஐபோன் வைத்திருக்கும் உறவினர்கள் அனுப்பும் மெசேஜ் உங்கள் புது போனுக்கு வராமல் ஆப்பிள் சர்வரிலேயே சுற்றும். அனுப்பியவருக்கோ போய்ச் சேர்ந்தது போலத் தெரியும். ஏற்கெனவே ஐபோனை விற்றுவிட்டீர்கள் என்றால், ஐமெசேஜிலிருந்து எண்ணை விடுவிக்க ஆப்பிளின் தளத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. எண்ணைக் கொடுத்தால் எஸ்எம்எஸ்ஸில் ஒரு குறியீடு வரும், அதைப் போட்டால் போதும்.

ஹெல்த் செயலியில் உங்கள் படத்தைத் தொட்டு 'எக்ஸ்போர்ட் ஆல் ஹெல்த் டேட்டா' கொடுங்கள். பல வருடத் தரவு என்றால் நேரம் எடுக்கும், அதுவரை திரையை அணைய விடாதீர்கள். கிடைப்பது எக்ஸ்எம்எல் கோப்பு அடங்கிய ஜிப். அதை ஆண்ட்ராய்டு செயலிகள் பெரும்பாலும் நேரடியாக ஏற்காது, ஆனாலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் வரலாற்றை மாற்றக் கேபிள் வழி உண்டு, ஆனால் புது ஆண்ட்ராய்டை முதன்முதலில் இயக்கி அமைக்கும் நேரத்திலேயே செய்துவிடுவது நல்லது.

வீட்டில் யாரிடமாவது பழைய ஆப்பிள் வாட்ச் இருந்து அதையும் சேர்த்து விற்பதாக இருந்தால், ஐபோனைக் கைமாற்றுவதற்கு முன் அதிலுள்ள வாட்ச் செயலியில் 'அன்பேர் ஆப்பிள் வாட்ச்' கொடுத்து ஆப்பிள் ஐடி கடவுச்சொல்லைப் போடுங்கள். அப்போதுதான் ஆக்டிவேஷன் லாக் என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டு விலகும். வாட்சை மட்டும் ரீசெட் செய்து கொடுத்தால் வாங்கியவரிடம் அது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டே நிற்கும்.